மறுமொழி: உயிர்ப்பான கொண்டுசெல்லலுக்கு ‘ஏற்றுகடப்பு’ சரிவருமா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கலத்தின் (உயிரணுவின்) மென்சவ்வைத் தாண்டிப் பொருட்கள் போவது இரண்டு விதம்: கலம் தன் ஆற்றலைச் செலவழித்துக் கொண்டுபோவது ஒன்று, அந்தச் செலவில்லாமல் தானாகப் போவது மற்றது. இந்த இரண்டுக்கும் கேட்டவுடன் விளங்கக்கூடிய சொற்கள் உண்டா என்று கேட்டிருந்தேன். தஞ்சாவூர் ஐயா ‘ஆற்றல்சார் கடத்தல், ஆற்றல்சாராக் கடத்தல்’ என்றார். ரொறன்ரோ அண்ணை ‘செயல்மிகு கடத்தல், செயலறு கடத்தல்’ என்றார். பாடநூலில் இருப்பதைக் குழப்ப வேண்டாம், பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும் என்று வவுனியாத் தங்கச்சி எழுதியிருந்தார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் எனக்கு நடந்ததை முதலில் சொன்னால்தான் நான் ஏன் இதில் பிடிவாதமாக நிற்கிறேன் என்று விளங்கும்.

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கு ‘உயிர்ப்பான கொண்டுசெல்லல்’. அதற்கு மறுதலையாக ‘உயிர்ப்பற்ற கொண்டுசெல்லல்’ என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, “ரீச்சர், உயிர்ப்பற்றதெண்டா அது செத்த கலத்திலதானே நடக்கும்?” என்று கேட்டாள். இல்லை, உன்னுடைய உடம்பில் இப்போதும் நடக்கிறது, நீ மூச்சு எடுக்கும்போது ஒட்சிசன் அப்படித்தான் இரத்தத்துக்குள் போகிறது என்றேன். “அப்ப ஏன் உயிர்ப்பற்றதெண்டு பேர்?” அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வேற்றுமொழிச் சொல் ஒன்றுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்ததால் வந்தது என்று சொல்லலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளக்கமா?

‘உயிர்ப்பு’ என்ற சொல்லில் ஒரு உண்மை உண்டு, அதை மறைக்கக்கூடாது. கலம் செத்தால் அந்த ஒரு வகைக் கொண்டுசெல்லல் நின்றுவிடும். மற்றது நிற்காது. முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடாக்கும்போது அந்த மீனில் உயிர் இல்லை, ஆனாலும் தண்ணீர் உப்பை நோக்கி வெளியே வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே முதலாவதை உயிர்ப்பானது என்றால் பிழையில்லை. இரண்டாவதை உயிர்ப்பற்றது என்றால்தான் பிழை. அது உயிருள்ள கலத்திலும் ஒவ்வொரு கணமும் நடக்கிறது. உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் ஐயாவின் ‘ஆற்றல்சாரா’ இதைவிட மேல். ஆனால் அதிலும் ஒரு இடறல் இருக்கிறது. ஆற்றல் இல்லாமல் எதுவும் அசையாது. மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் ஓடித் திரிவதால்தான், செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும் பரவலே நடக்கிறது. செறிவு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்து நிற்பதே ஒரு சேமிப்பு ஆற்றல், குளத்தில் மறித்து வைத்த தண்ணீர் போல. அங்கே ஆற்றல் இருக்கிறது, கலம் தன் கையிலிருந்து செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். ‘ஆற்றல்சாரா’ என்று படித்த பிள்ளை, வெப்பநிலை கூடினால் பரவல் வேகம் ஏன் கூடுகிறது என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறது.

அப்புறம் ‘கடத்தல்’. ஐயா, இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். தமிழ்நாட்டில் அந்தச் சொல் வகுப்பறையில் சாதாரணமாகப் புழங்குகிறது என்று தெரியும். இங்கே கடத்தல் என்றால் ஆளைக் கொண்டுபோவது. என் வகுப்பில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு பாடவேளையில் இருபது தடவை சொல்ல எனக்கு வாய் வராது. ரொறன்ரோ அண்ணை இடையில் ‘பெயர்வு’ என்ற ஒன்றையும் சொல்லிப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். இடம்பெயர்வு என்ற சொல்லை நாங்கள் காலால் நடந்து படித்தவர்கள். பொருத்தமான சொல்லே என்றாலும், கொஞ்சக் காலத்துக்கு அதை அறிவியலுக்கு எடுக்காமல் விட்டுவைப்போம்.

இப்போது என் முன்மொழிவுக்கு வருகிறேன். இது எனக்கு வந்த இடம் பாடநூல் அல்ல, எங்கள் ஊர்க் குளமான இரணைமடு.

இரணைமடுவில் துருசை, அதாவது குளத்து மதகை, திறந்தால் தண்ணீர் தானாக வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகும். யாரும் தள்ளத் தேவையில்லை. ஆனால் திருவையாற்றுப் பக்கம் காணிகள் மேட்டில் இருக்கின்றன. அங்கே குளத்துத் தண்ணீரை இயந்திரம் வைத்து மேலே ஏற்றித்தான் பாய்ச்ச வேண்டும். அந்தத் திட்டத்துக்கு எங்கள் ஊரில் பெயர் ‘ஏற்று நீர்ப்பாசனம்’. அதிகாரியும் அப்படித்தான் சொல்கிறார், மிளகாய் செய்கிறவரும் அப்படித்தான் சொல்கிறார். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தானாக ஏறாது, யாரோ ஏற்ற வேண்டும், அதற்கு எண்ணெயோ மின்சாரமோ செலவாகும், மெசின் நின்றால் தண்ணீரும் நிற்கும். உயிர்ப்பான கொண்டுசெல்லலைப் பற்றி நான் இரண்டு பாடவேளை எடுத்துச் சொல்வது முழுவதும் ‘ஏற்று’ என்ற மூன்றெழுத்துக்குள் இருக்கிறது.

தமிழில் ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. பாய், பாய்ச்சு. நகர், நகர்த்து. தானாகச் செய்வதற்கும் இன்னொருவர் செய்விப்பதற்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை நாங்கள் ஒரு எழுத்தை அழுத்தியே காட்டிவிடுகிறோம். மென்சவ்வில் இருக்கும் வேறுபாடும் அதுதான். ஒன்றில் பொருள் தானாக இறங்குகிறது. மற்றதில் கலம் அதை ஏற்றுகிறது. ஆகவே என் முன்மொழிவு:

தானாக நடப்பது ‘இறங்குகடப்பு’. கலம் செலவழித்துச் செய்வது ‘ஏற்றுகடப்பு’.

‘இறக்கு’ என்று வைக்கவில்லை, ‘ஏறு’ என்றும் வைக்கவில்லை. இறங்குவது பொருள், ஏற்றுவது கலம். இந்த ஏறுமாறான சோடிதான் என் மொத்த வாதமும்.

எதில் இறங்குகிறது என்று கேட்டால், செறிவில். இங்கே தமிழ்நாட்டுக்காரரிடம் நான் ஒன்று கடன் வாங்குகிறேன். நாங்கள் ‘செறிவுப் படித்திறன்’ என்று படிப்பிக்கிறோம். அவர்கள் ‘செறிவுச் சரிவு’ என்கிறார்கள். சரிவு என்றால் எதுவும் அதில் உருண்டு இறங்கும். படித்திறன் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. சரிவே இருக்கட்டும். அயன்களுக்கு, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களுக்கு, அந்த மின்னேற்றமும் சேர்ந்துதான் சரிவு அமையும் என்பதை இரண்டாவது பாடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

‘கடப்பு’ எங்கிருந்து வந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேலியில் ஆள் போய்வர விடுகிற இடம் கடப்பு. மற்ற இடத்து உறவுகளுக்காக அந்த வேலியைக் கொஞ்சம் சொல்கிறேன். மென்சவ்வைப் படிப்பிக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

கலத்தைச் சுற்றி இருப்பது பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகளின் இரண்டு அடுக்கு. தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர் வரும். அதன் நடுப்பகுதி கொழுப்பு. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சின்ன, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் அதற்குள்ளால் நுழைந்து போய்விடும். வேலிப் பொட்டுக்குள்ளால் கோழிக்குஞ்சு போவது போல. பொட்டு என்றால் எங்கள் ஊரில் வேலி ஓலை விலகிய சின்ன இடைவெளி. ஆனால் சோடியம் அயன் ஒன்று அப்படிப் போக முடியாது. அது மின்னேற்றம் கொண்டது, தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு திரிவது, கொழுப்புக்குள் அதற்கு இடமில்லை. அதற்குப் படலை வேண்டும். படலை என்றால் வீட்டு வாசல் கதவு. மென்சவ்வில் குறுக்கே கிடக்கும் புரதங்கள்தான் அந்தப் படலைகள்.

இந்தப் படலைகள் ஆளைப் பார்த்துத்தான் விடும். பொற்றாசியத்துக்கான படலைக்குள்ளால் பொற்றாசியம் போகும், அதைவிடச் சிறிய சோடியம் போகாது. பெரியதை விட்டுச் சின்னதை மறிக்கும் வாசல் எப்படி இருக்க முடியும் என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 1998இல் ரொடெரிக் மக்கினன் அந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டு காட்டிய பின்தான் தெளிந்தது. பொற்றாசியம் தன் தண்ணீர்ப் போர்வையைக் கழற்றும்போது, அந்தத் தண்ணீர் நின்ற இடங்களிலே புரதத்தின் ஒட்சிசன் அணுக்கள் அளவாக வந்து பிடித்துக்கொள்கின்றன. சோடியத்துக்கு அந்த அளவு பொருந்தாது. போர்வையைக் கழற்றிவிட்டுப் பிடிக்க ஆளில்லாமல் நிற்க அது விரும்பாது.

தண்ணீருக்கும் தனிப் படலை உண்டு. பீற்றர் ஆகர் சிவப்புக் குருதிக் கலத்தில் வேறொன்றைத் தேடும்போது அகப்பட்ட புரதம் அது. அதை ஆக்கும் கட்டளையைத் தவளை முட்டைக்குள் செலுத்தி அந்த முட்டைகளை நீரில் போட்டார்கள். முட்டைகள் ஊதி வெடித்தன. மற்ற முட்டைகள் அப்படியே கிடந்தன. 1992இல் அது வெளிவந்தது. 2003இல் இவருக்கும் மக்கினனுக்கும் வேதியியல் நோபல் பரிசு. அந்த ஒரு படலைக்குள்ளால் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. இவ்வளவும் இறங்குகடப்புத்தான். கலம் ஒரு சதமும் செலவழிப்பதில்லை.

படலையைத் திறக்க ஒரு சைகை வேண்டுமே, அப்போது அது ஏற்றுகடப்பு ஆகாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். துருசைத் திறக்கவும் ஒருவர் போய்த் திருகத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் ஓடுவது அவருடைய பலத்தால் அல்ல. இதையும் இரணைமடுவை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். ‘எளிய பரவல்’ என்றும் ‘எளிதாக்கப்பட்ட பரவல்’ என்றும் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கொழுப்புக்குள்ளால் நேரே போவது, மற்றது புரதத்தின் வழியாகப் போவது. எந்தப் பிள்ளையாவது இதைக் குழப்பாமல் எழுதியிருக்கிறதா? எளியது ஏற்கெனவே எளிதுதானே, அதை ஏன் எளிதாக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது. ‘நேர்ப்பரவல்’, ‘புரதவழிப் பரவல்’ என்று வைத்தால் சொல்லிலேயே வேறுபாடு தெரிகிறது. ‘படலைவழிப் பரவல்’ என்று வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் குளுக்கோசைக் கொண்டுபோகும் புரதம் திறந்து நிற்கும் வாசல் அல்ல. ஒரு பக்கம் வாய் திறந்து குளுக்கோசை வாங்கி, வடிவம் மாறி மறுபக்கம் திறந்து விடுகிறது. ஆகவே புரதவழி என்பதே சரி. படலை என்ற சொல்லை அயன்கள் போகும் வாசல்களுக்கு வைத்துக்கொள்வோம்.

இனி ஏற்றுகடப்பு. எங்கள் கலங்களுக்கு வெளியே உள்ள நீரில் சோடியம் லீற்றருக்கு 145 மில்லிமோல் அளவில் இருக்கிறது, உள்ளே 12 அளவில்தான். பொற்றாசியம் மறுவளம்: உள்ளே 140, வெளியே 4. படலைகள் இருக்கும்போது இந்த வேறுபாடு எப்படி அழியாமல் நிற்கிறது? கசிந்து உள்ளே வந்த சோடியத்தை ஒருவர் ஓயாமல் வெளியே ஏற்றிக்கொண்டிருப்பதால்தான். ஜென்ஸ் ஸ்கூ என்ற டென்மார்க் விஞ்ஞானி கடற்கரை நண்டின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து இதைச் செய்யும் நொதியத்தை 1957இல் எழுதினார். நோபல் பரிசு கிடைக்க 40 ஆண்டு சென்றது. நந்திக்கடலில் நண்டு பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நண்டுக் காலிலிருந்து நோபல் வரை போன கதையைச் சொன்ன அன்று ஒருவரும் நேரம் பார்க்கவில்லை.

அந்தப் புரதம், கலத்தின் கைக்காசு போன்ற ஏ.ரி.பி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே விட்டு இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. நாங்கள் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஏ.ரி.பியில் ஐந்தில் ஒரு பங்கு, சில கணக்குகளில் நான்கில் ஒரு பங்கு, இந்த ஒரு வேலைக்கே போகிறது. செக்கனுக்குக் கோடிக்கணக்கில் விடும் படலை எங்கே, சில நூறு தடவைக்கு மேல் சுற்ற முடியாத இந்தப் புரதம் எங்கே. ஏற்றுவது அவ்வளவு கடினமான வேலை.

வெள்ளம் நின்ற மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். மண்ணில் உப்புக்கள் இருக்கின்றன, தண்ணீர் தாராளமாக நிற்கிறது, ஆனால் கன்று மஞ்சளாகி வாடுகிறது. வேருக்குச் சுவாசிக்க ஒட்சிசன் கிடைக்கவில்லை, ஏ.ரி.பி குறைகிறது, மண்ணில் ஐதாக இருக்கும் பொற்றாசியத்தைச் செறிவான வேர்க்கலத்துக்குள் ஏற்ற முடியவில்லை. என் அப்பா “வேர் மூச்சு முட்டுது” என்பார். அவர் உயிரியல் படித்தவர் அல்ல.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏ.ரி.பியை நேரே செலவழிக்காமலும் ஒரு பொருளை ஏற்றலாம். ஒன்று இறங்கும் வேகத்தில் இன்னொன்றை ஏற்றுவது. இதற்கு ‘துணைநிலை’, ‘இரண்டாந்தர’ என்றெல்லாம் குழுவில் சொற்கள் வந்தன. இரண்டாந்தரம் என்றால் தரம் குறைந்தது என்றுதான் காதில் விழும். என் சொல்: ‘துலாக்கடப்பு’.

துலா மிதித்ததைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பார்கள். தமிழ்நாட்டில் அதை ஏற்றம் என்கிறீர்கள். ஆடுகாலில் நீண்ட மரம், ஒரு முனையில் கொடியில் தொங்கும் பட்டை, மேலே ஆள் நடப்பார். அவர் வால் பக்கம் நடந்தால் அந்தப் பக்கம் இறங்கும், கிணற்றிலிருந்து பட்டை நிறைந்து ஏறும். தண்ணீரை ஏற்றுவது மனிதனின் கை அல்ல, அவன் இறங்கும் பாரம். சிறுகுடலின் சுவர்க் கலத்தில் சோடியம் அப்படித்தான் குளுக்கோசை ஏற்றுகிறது. இரண்டு சோடியம் தங்கள் சரிவில் உள்ளே இறங்கும்போது ஒரு குளுக்கோசையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது அந்தப் புரதம். குளுக்கோசு உள்ளே ஏற்கெனவே கூடுதலாக இருந்தாலும் போகும். துலா மிதிப்பவர் மறுபடி மேலே நடந்து வந்தால்தான் அடுத்த பட்டை. சோடியத்தைத் திருப்பி வெளியே ஏற்றும் ஸ்கூவின் புரதம் செய்வது அந்த நடையைத்தான். அது நின்றால் கொஞ்ச நேரத்தில் துலாவும் நிற்கும்.

இந்த இணைப்பை 1960இல் பிராக் நகரில் ஒரு கூட்டத்தில் முதன்முதலில் சொன்னவர் ரொபேட் கிரேன். அதன் பயன் எங்கள் வீடுகளில் இருக்கிறது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பக்கெற் கரைத்துக் கொடுக்கிறோமே, அதில் உப்போடு ஏன் குளுக்கோசு? சக்திக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது துலாவை ஆட்டுவதற்கு. வாந்திபேதி வந்த குடலிலும் இந்தத் துலா பழுதாகாமல் இருக்கிறது. குளுக்கோசு இருந்தால் சோடியம் உள்ளே போகும், இரண்டும் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் சோடியமும் குளுக்கோசும் லீற்றருக்கு 75 மில்லிமோல் வீதம் சரிசமமாக இருக்கின்றன. முகாமில் இருந்த காலத்தில் என் தம்பிக்கு வயிற்றோட்டம். பக்கெற் கிடைக்காத ஒரு இரவு முழுக்க அம்மா ஆறின தண்ணீரில் சீனியும் உப்பும் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கிக்கொண்டே இருந்தார். விடிய அவன் கண் விழித்துப் பார்த்தான். அம்மா செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது பத்து ஆண்டு கழித்து, பல்கலைக்கழக விரிவுரையில். அதைத் தமிழில், என் பிள்ளைகளுக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரே பக்கமாக இரண்டும் போவதை ‘உடன்கடப்பு’ என்றும், ஒன்று உள்ளே வர மற்றது வெளியே போவதை ‘எதிர்க்கடப்பு’ என்றும் சொல்லலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பெரிய துணிக்கைகளை மென்சவ்வு மடிந்து விழுங்குவதும் உமிழ்வதும் வேறு கதை. அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

கருத்துச் சொல்லுங்கள்.

*

மேலே உள்ள மடலுக்கு வந்த மறுமொழிகளுக்கு:

தஞ்சாவூர் ஐயா, இரண்டு ஆட்சேபம் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது, ஏற்றுமதி இறக்குமதி என்ற சோடி எல்லோர் மனத்திலும் இருப்பதால், ஏற்று என்றால் வெளியே அனுப்புவது, இறங்கு என்றால் உள்ளே வருவது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும் என்கிறீர்கள். இதை நான் யோசிக்கவில்லை. நேற்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். ஒருசிலர் நீங்கள் சொன்னபடியே உள்ளே வெளியே என்று சொன்னார்கள். பெரும்பாலானோர் மேடு பள்ளம் என்றார்கள். ஆகவே உங்கள் பயம் வெறும் பயம் அல்ல. பாடத்தைத் தொடங்கும்போதே ஒரு வரி சொல்லிவிட வேண்டும்: ஏற்றமும் இறக்கமும் செறிவில்தான், இடத்தில் அல்ல. துலாவுக்கும் அதே வரி தேவை. துலாவில் ஒருவர் இறங்க மற்றது எதிர்ப்பக்கம் ஏறுகிறது. குடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே பக்கம்தான் போகின்றன, செறிவில்தான் ஒன்றுக்கு இறக்கம், மற்றதற்கு ஏற்றம். இந்த இடத்தில் உவமை கொஞ்சம் நொண்டுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஏற்று பிறவினை, கடப்பு தன்வினையிலிருந்து வந்த பெயர், இரண்டும் ஒட்டாது என்கிறீர்கள். இலக்கணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இப்படிப் பாருங்கள் ஐயா. சோடியமோ குளுக்கோசோ, எப்படிப் போனாலும் மென்சவ்வைக் கடப்பது அந்தப் பொருள்தான். கடப்பு இரண்டுக்கும் பொது. அந்தக் கடப்பு எப்படி நடந்தது என்பதைத்தான் முன்சொல் சொல்கிறது: இறங்கியதால் நடந்த கடப்பு, ஏற்றியதால் நடந்த கடப்பு. ‘ஏற்று நீர்ப்பாசனம்’ என்பதில் ஏற்றுவது இயந்திரம், நீர் அல்ல. அதை யாரும் பிழையாக எடுக்கவில்லை. இதற்குப் பிறகும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ‘ஏற்றுவழிக் கடப்பு’ என்று ஓரெழுத்து இரண்டெழுத்துக் கூட்டலாம். எனக்குக் கொஞ்சம் நீளமாகப் படுகிறது.

மட்டக்களப்பிலிருந்து எழுதிய தங்கச்சி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் துலாவைக் கண்டிருக்க மாட்டார்கள், தெரியாத பாடத்தைத் தெரியாத பொருளால் விளக்குகிறோம் என்கிறீர்கள். உண்மை. என் வகுப்பிலும் கண்டவர்கள் கைவிரலுக்குள். நீர் இறைக்கும் மெசின் வந்து எவ்வளவோ காலம். ஆனால் அளவுகோலின் நடுவில் ஒரு அழிறப்பரை வைத்து ஒரு நிமிடத்தில் துலா செய்து காட்டினேன். ஒரு முனையில் இரண்டு நாணயம், மறுமுனையில் ஒன்று. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோசு. அதன்பின் சொல் ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மப்பாவிடம் துலா மிதித்த கதை கேட்டு வந்து இன்று எனக்குச் சொன்னாள்.

ஒரு பிள்ளை கேட்ட கேள்வியையும் இங்கே வைக்கிறேன். எங்கள் ஊர்களில் இப்போது ஆர்.ஓ தண்ணீர்தான் குடிக்கிறோம். அந்த இயந்திரத்தில் தண்ணீரை அழுத்தி, உப்புக் கூடிய பக்கத்திலிருந்து உப்பில்லாத பக்கத்துக்குச் சவ்வினூடாகத் தள்ளுகிறார்கள். தானாக விட்டால் தண்ணீர் உப்புக் கூடிய பக்கத்துக்குத்தான் போகும். “அப்ப அதுவும் ஏற்றுகடப்போ ரீச்சர்?” நான் ஓம் என்றும் இல்லை என்றும் சொன்னேன். தண்ணீர் ஏற்றப்படுகிறது, அதற்கு மின்சாரம் செலவாகிறது, அதனால் ஓம். ஆனால் ஏற்றுவது வெளியே உள்ள பம்பி, அந்தச் சவ்வு அல்ல. கலத்தில் மென்சவ்வில் இருக்கும் புரதமே ஏற்றுகிறது, அதனால் இல்லை. ‘உயிர்ப்பான’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியே வந்திருக்காது. சொல் பிள்ளையை அடுத்த கேள்விக்குக் கொண்டுபோனது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வவுனியாத் தங்கச்சிக்கு: நீங்கள் பயப்பட வேண்டாம். விடைத்தாளில் பாடநூற் சொல்லையே எழுத வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் கொப்பியில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பரீட்சைக்கு, ஒன்று விளங்குவதற்கு. இரண்டும் ஒன்றாகும் நாள் வந்தால் நல்லது. 1850களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரியான கிறீன் வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் உட்கார்ந்து சொல் தேடியிருப்பார்கள். எங்களுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் தீராதது ஒன்றுதான். ஸ்கூவின் புரதத்தைச் ‘சோடியம் பொற்றாசியம் பம்பி’ என்கிறோம். இரப்பையில் அமிலத்தை ஊற்றும் புரதமும் ஒரு பம்பிதான். ஒமிப்பிரசோல் குளிசை போட்டால் அடங்குவது அது. கலத்துக்குள் இருப்பதைவிட ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு செறிவான இடத்துக்கு ஐதரசன் அயனை ஏற்றுகிறது. உடம்பில் அதைவிடச் செங்குத்தான ஏற்றம் வேறு எனக்குத் தெரியாது. இவற்றைப் பம்பி என்றே விடலாமா, ‘ஏற்றி’ என்று வைக்கலாமா? பம்பி எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஏற்றி என்றால் ஏற்றுகடப்போடு சொல்லளவில் சேர்ந்து நிற்கும், ஆனால் மின்னேற்றியோடு குழம்பலாம். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பாடம். அதற்கு முன் உங்கள் எண்ணத்தை எழுதினால் பலகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து